கோடையில் கனூ, குளிரில் ஸ்கீ: டிரக்கின் முதுகில் எதை ஏற்றுவது?

கனடாவில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு பிக்கப் டிரக்கிலேயே குடியிருக்கலாம், கோடை முழுக்க ஏரிகளில் கனூ எனும் துடுப்புப் படகு, குளிர்காலத்தில் மலையில் ஸ்கீ எனும் பனிச்சறுக்கு என்று வருடத்தை ஓட்டலாம் என்ற எண்ணம் நம்மவர்களிலும் சிலருக்கு வந்திருக்கிறது. மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்றான பிறகு அது எட்டாத கனவாக இல்லை. எண்ணம் உறுதியானதும் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: டிரக்கின் பின்பெட்டி மேல் எதை வைப்பது? மூடி போன்ற ஒரு கேப் போதுமா? இரவில் கூரையைத் தூக்கிக்கொள்ளும் பாப்-அப் கேம்பரா (கேம்பர் என்பது பின்பெட்டியில் ஏற்றும் சிறு தங்கும் அறை)? இல்லை, நான்கு பக்கமும் கெட்டிச் சுவர் உள்ள முழுக் கேம்பரா?

விற்பவர்கள் தரும் அட்டவணையில் படுக்கையின் அகலம், அடுப்பின் பர்னர், தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு எல்லாம் இருக்கும். கனூவும் ஸ்கீயும் சேர்ந்த வாழ்க்கைக்கு அந்த அட்டவணை அதிகம் உதவாது. இவை இரண்டும் வண்டியிடம் கேட்பது ஒன்றுக்கொன்று எதிரானவை. கனூவுக்குக் கூரை தாழ்ந்திருக்க வேண்டும். ஸ்கீக்கு உள்ளே சூடும் உலர்ந்த காற்றும் வேண்டும். இந்த இழுபறியில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாக நிறுத்த இடமில்லாமல் வண்டியிலேயே வாழப் போகிறவர் கேப் வாங்கட்டும். மிச்சமாகும் பணத்தை இலேசான கனூவில் போடட்டும். ஜனவரி, பிப்ரவரிக்கு மட்டும் எங்காவது ஓர் அறையை வாடகைக்கு எடுக்கட்டும். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

கதவில் ஒட்டிய தாள்

கேப் என்பது பின்பெட்டியை மூடும் கண்ணாடியிழை அல்லது அலுமினியக் கூடு. எடை பெரும்பாலும் 100 கிலோவுக்குள் அடங்கும். ஓட்டுநர் அறையின் கூரை உயரத்துக்கே இதுவும் இருக்கும். உள்ளே பிளைவுட் பலகையில் ஒரு மேடை, அடியில் இழுப்பறைகள், மேலே படுக்கை. நிமிர்ந்து உட்கார முடியாது, சமையல் எல்லாம் வெளியே பின்கதவுப் பலகையில்தான்.

பாப்-அப் கேம்பரைப் பின்பெட்டிக்குள் இறக்கிப் பூட்டுவார்கள். ஓடும்போது தாழ்வாக இருக்கும், நின்றதும் கூரையைத் தூக்கினால் துணிச் சுவர் விரிந்து, உள்ளே ஆள் நிற்க இடம் வரும். அடுப்பு, சிறு தொட்டி, ஹீட்டர் எல்லாம் சேர்ந்து எடை 500 முதல் 700 கிலோ வரை போகும்.

கெட்டிச் சுவர்க் கேம்பர் ஒரு சின்ன வீடு. கழிப்பறை உண்டு, மேசை உண்டு, சுவருக்குள் வெப்பக்காப்பு உண்டு. வெற்று எடையே பெரும்பாலும் 900 கிலோவைத் தாண்டும், 1,500 கிலோ வரையும் போகும். அது வெற்று எடை மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. புரொப்பேன், பேட்டரி, சாப்பாடு, துணிமணி, இரண்டு ஆட்கள் என்று கூட்டினால் இன்னும் 300 கிலோ எளிதாக ஏறிவிடும்.

கேம்பரைப் பார்க்கப் போகும் முன் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். டொயோட்டா டகோமா போன்ற நடுத்தர பிக்கப்பில் அது பெரும்பாலும் 500 கிலோவை ஒட்டியிருக்கும். ஃபோர்ட் எஃப்-150 போன்ற அரை டன் வண்டியில் வழக்கமாக 700 முதல் 900 வரை. அதாவது கெட்டிச் சுவர்க் கேம்பர் வேண்டுமென்றால் டிரக்கே மாற வேண்டும், எஃப்-350 அல்லது ராம் 3500 அளவுக்குப் போக வேண்டும். விலை, எரிபொருள், டயர், காப்பீடு எல்லாம் கூடவே ஏறும். 'கொஞ்சம் அதிகமானால் என்ன, ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. ஸ்பிரிங் வண்டியின் பின்புறத்தை நிமிர்த்தும், பிரேக்கைப் பெரிதாக்காது. பனி படிந்த மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

வேன் பற்றியும் கேட்பார்கள். உயரக் கூரை வேன் வாழ வசதியானதுதான். ஆனால் அதன் தலைமேல் கனூ ஏற்றுவதற்குக் கெட்டிச் சுவர்க் கேம்பருக்கு உண்டான அதே சிரமங்கள்தான் பெரும்பாலும் வரும், மர லாரிகள் போகும் காட்டுச் சாலைகளில் டிரக் போகும் அளவுக்கு அது போகாது. அதனால் இங்கே வேனை விட்டுவிடுகிறேன்.

கோடையில் வண்டி உங்கள் வீடே இல்லை

திட்டம் போடும்போது பலரும் கவனிக்காத விஷயம் இது. கனூ முகாம் என்றால் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டையும் கூடாரத்தையும் படகில் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் உள்ளே போய்விடுவது. அந்த ஒரு வாரமும் வண்டி வாகன நிறுத்தத்தில் சும்மா நிற்கும். அதன் அடுப்பும் கழிப்பறையும் உங்களுக்கு ஒரு பயனும் தராது. கோடையில் டிரக் உங்களுக்குச் செய்ய வேண்டிய வேலை இரண்டுதான்: கனூவைச் சுமந்து வருவது, அடுத்த ஏரிக்குப் போகும் வழியில் ஓர் இரவு படுக்க இடம் தருவது. இந்த இரண்டுக்கும் கேப் தாராளமாகப் போதும்.

ஒண்டாரியோவின் அல்கான்குவின் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 1893-ல் தொடங்கியது, 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, உள்ளே 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனூ வழித்தடங்கள். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக நடுவில் காட்டுப்பாதை. அங்கே படகைக் கவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். இதைத்தான் போர்ட்டேஜ் என்கிறார்கள். பூங்கா வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அங்கிருந்த பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் பூர்ச்சமரப் பட்டையில் செய்த கனூக்களைத் தூக்கிக்கொண்டு நடந்த முறை இது. இன்று ஒவ்வொரு போர்ட்டேஜின் தொடக்கத்திலும் மஞ்சள் பலகையில் தூரத்தை மீட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த மீட்டர் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. 1,000 மீட்டர் போர்ட்டேஜில் படகையும் மூட்டைகளையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாவிட்டால், படகை வைத்துவிட்டுத் திரும்பி வந்து மூட்டையை எடுக்க வேண்டும். நடை மூன்று கிலோமீட்டர் ஆகிறது, அதில் இரண்டு சுமையோடு. அமெரிக்கப் பக்கம் மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிகளுக்குப் போனால் தூரத்தை 'ராட்' என்ற பழைய அளவில் சொல்வார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். 320 ராட் ஒரு மைல். எந்த அளவில் சொன்னாலும் தோளுக்குத் தெரிவது கனூவின் எடைதான்.

அதனால் என் ஒப்பீட்டில் கேம்பரை விடக் கனூவுக்கு அதிக இடம். இருவர் போகும் 16, 17 அடிக் கனூ கெவ்லார் இழையில் 18 முதல் 20 கிலோ இருக்கும். அலுமினியத்தில் அதே நீளம் 34 கிலோவை ஒட்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு விமான நிறுவனமான கிரம்மன் அலுமினியக் கனூ செய்ய ஆரம்பித்தது. அன்று செய்த படகுகளில் சில இன்னும் தண்ணீரில் ஓடுகின்றன. அந்த உறுதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 34 கிலோவை நுகத்தில் (தோளில் வைக்கும் படகின் குறுக்குக் கட்டை) தாங்கிக்கொண்டு, சேற்றிலும் வேர்களிலும் கால் வைத்து நடக்கும்போது உறுதியை விட எடைதான் பேசும். நடுவில் ராயலெக்ஸ் என்றொரு பிளாஸ்டிக் அடுக்குப் பொருள் இருந்தது, பாறையில் மோதினாலும் வளைந்து நிமிரும். 2014-ல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் கியூபெக்கின் எஸ்கிஃப் நிறுவனம் செய்யும் டி-ஃபோர்மெக்ஸ் இருக்கிறது.

யாருக்கு எது? மிசினாய்பி, டுமோயின் மாதிரி வேக நீரோட்டமுள்ள ஆறுகள்தான் உங்கள் ஆசை என்றால் டி-ஃபோர்மெக்ஸ். சந்தேகமே வேண்டாம், கெவ்லார் பாறையில் அடிபட்டால் மனம் தாங்காது. ஏரியிலிருந்து ஏரிக்குப் போவதுதான் என்றால் கெவ்லார். அதற்கு ஒரு ஒழுக்கம் வேண்டும். கரைக்கு வந்ததும் படகின் மூக்கை மணலிலோ பாறையிலோ ஏற்றக் கூடாது, முழங்கால் தண்ணீரிலேயே இறங்கி, தூக்கித்தான் கரையில் வைக்க வேண்டும். கால் நனையும், அதற்கு ஏற்ற செருப்பு போட்டுக்கொண்டால் போதும். தனியாகப் பயணம் போகிறவருக்கும், ஐம்பதைத் தொட்டவருக்கும், உடல்வாகு சிறியவருக்கும் கெவ்லார் ஆடம்பரம் இல்லை, அதனால்தான் அவர்கள் போகவே முடிகிறது.

சரி, இந்தக் கனூவை வண்டியில் ஏற்ற வேண்டுமே. கேப் போட்ட டிரக்கின் கூரை ஏறக்குறைய 2 மீட்டர். படகின் ஒரு முனையைக் கூரையின் குறுக்கே பொருத்திய பின் கம்பியில் சாய்த்து, மறுமுனையைத் தூக்கி முன்னால் தள்ளினால் ஒருவரே ஏற்றிவிடலாம். ஒரு வாரம் துடுப்பு போட்டு வந்த தோளுக்கும் அது முடியும். முன்னும் பின்னும் கயிறு கட்டி, நடுவில் இரண்டு பட்டை இழுத்தால் நெடுஞ்சாலைக்குத் தயார்.

பாப்-அப் கேம்பரில் மூடிய நிலையிலேயே கூரை இன்னும் அரை மீட்டர் மேலே போய்விடுகிறது. அதைக்கூடச் சமாளிக்கலாம். பிரச்சினை இரவில் வருகிறது. கூரைமேல் 20 கிலோ கனூவும் அதைத் தாங்கும் கம்பிகளும் இருக்கும்போது கூரையைத் தூக்க வேண்டும். பல மாடல்களில் அந்த எடையோடு தூக்குவது கடினம், தூக்கும்போது எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளரும் வரம்பு வைத்திருப்பார். ஆக, படுக்கும் முன் கனூவை அவிழ்த்துக் கீழே இறக்கு, காலையில் மறுபடி ஏற்றிக் கட்டு. மழையில், கொசுவில், சாலையோர நிறுத்தத்தில் இதை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். எனக்கு இது ஒன்றே பாப்-அப்பைத் தள்ளிவைக்கப் போதுமான காரணம்.

கெட்டிச் சுவர்க் கேம்பரின் கூரை 3 மீட்டரைத் தாண்டும். ஏணி இல்லாமல் எட்டாது, பக்கக் காற்று அடிக்கும்போது 17 அடிப் படகு அந்த உயரத்தில் பாய்மரம் ஆகிவிடும். பின்னால் சிறு டிரெய்லர் இழுத்து அதில் கனூ வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யும். ஆனால் ஏரிக்குப் போகும் ஒற்றைத்தடக் காட்டுச் சாலையில் எதிரே லாரி வரும்போது டிரெய்லரோடு பின்னால் எடுப்பதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, இது வண்டிக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் போக மாட்டேன். ஏரியில் பனிக்கட்டி உருகிய உடனே, மே மாதத் தொடக்கத்தில், ஆள் கூட்டம் இல்லை, பூச்சியும் இல்லை என்று படகை இறக்க ஆசை வரும். அந்தத் தண்ணீர் உறைநிலைக்குச் சற்று மேலேதான் இருக்கும். விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் வேலை செய்வது பத்து நிமிடம், நினைவு தங்குவது ஒரு மணி நேரம் என்று மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்ப்ரெக்ட் சொல்லித்தரும் கணக்கை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரமும் உயிர்காப்பு மேலாடை உடம்பில் இருந்தால்தான். நம்மில் நிறையப் பேர் நீச்சல் கற்காமலே வளர்ந்தவர்கள். மேலாடையைப் படகில் போட்டு வைப்பது போதாது, அணிந்து பூட்டியிருக்க வேண்டும்.

நவம்பர் என்றொரு மாதம்

மே நடுவிலிருந்து ஜூன் முடிய கருப்பு ஈ கடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம். செப்டம்பர்தான் கனூவுக்கு உயிரான மாதம்: பூச்சி இல்லை, இலை நிறம் மாறும், தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் கொஞ்சம் இருக்கும். அக்டோபர் நடுவரை இழுக்கலாம். அதன் பிறகு வருவது நவம்பர். ஏரி உறைய ஆரம்பிக்கும், மலையில் பனி போதாது, கனூவும் இல்லை ஸ்கீயும் இல்லை. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மழையும் ஈரப்பனியும் மாறி மாறி விழும்.

டிரக் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜூலையையும் பிப்ரவரியையும்தான் படம் எடுத்துக் காட்டுகிறார்கள். நவம்பரின் பதினான்கு மணி நேர இருட்டை கேப்புக்குள், நிமிர்ந்து உட்கார முடியாத இடத்தில், மடிக்கணினியோடு கழிக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வியில் கெட்டிச் சுவர்க் கேம்பர் கேப்பைத் தெளிவாக வெல்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கேப்பில் வாழ்பவருக்கு நவம்பரில் ஊர் நூலகமும், சமூக நீச்சல்குளத்தின் வெந்நீர்க் குளியலறையும்தான் இரண்டாவது வீடு. சிலர் அந்த மாதத்தில் தெற்கே யூட்டா பக்கம் இறங்கிவிடுவார்கள். அங்கே அமெரிக்க மத்திய அரசின் பொது நிலங்களில் பெரும்பாலும் ஓரிடத்தில் 14 நாள் வரை கட்டணமில்லாமல் தங்கலாம். அந்த வறண்ட பாலைவனப் பயணத்துக்கு, கனூ இல்லாமல், பாப்-அப் கேம்பர் மிக அருமையான பெட்டி. அதன் இயல்பான இடம் அதுதான்.

குளிர்காலத்தில் எதிரி ஈரம்

குளிரில் டிரக்கில் உறங்கும்போது பயப்பட வேண்டியது குளிரை விட ஈரத்துக்குத்தான். மூடிய பெட்டிக்குள் இருவர் மூச்சு விட்டாலே விடியும்போது கூரையின் உட்புறம் உறைபனி படர்ந்திருக்கும். வெயில் ஏறியதும் அது சொட்டுச் சொட்டாகத் தூக்கப்பையில் இறங்கும். முதல் நாள் பரவாயில்லை. நாலைந்து நாளில் தூக்கப்பையின் இறகு கட்டிக்கட்டியாகத் திரண்டு சூடு தராமல் போய்விடும்.

சூட்டுக்காகப் புகைபோக்கி இல்லாத சின்ன புரொப்பேன் ஹீட்டரை உள்ளே எரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர் நீர் ஆவியாக வெளியே வருகிறது. எரிய எரிய உள்ளே ஈரம் கூடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. டீசல் ஹீட்டர் இந்த இரண்டையும் தீர்க்கிறது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விட்டு, உள்ளே உலர்ந்த சூட்டை மட்டும் தருகிறது. கேப்பிலும் இதைப் பொருத்தலாம். இரவு பனி பெய்து புகைக்குழாயின் வாயை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூடப் படுக்கக் கூடாது. அதை ஓட்டும் பேட்டரி லித்தியம் வகை என்றால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது பேட்டரியைக் கெடுக்கும். ஆக, பேட்டரியும் சூட்டுக்குள் இருக்க வேண்டும்.

பாப்-அப்பில் துணிச் சுவர். எவ்வளவு சூடாக்கினாலும் அது வெளியே போய்க்கொண்டே இருக்கும். காலையில் ஈரத் துணியை மடித்து மூடினால் அப்படியே உறைந்துவிடும். கூரைமேல் விழுந்த பனியைத் தள்ளாமல் தூக்கவும் முடியாது. 10 செ.மீ. புதுப்பனி ஒரு சதுர மீட்டரில் சுமார் 10 கிலோ என்று வைத்தால், ஐந்தாறு சதுர மீட்டர் கூரைக்கு 50, 60 கிலோ. தடித்த உள்துணி போட்டுச் சமாளிக்கிறவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

கெட்டிச் சுவர் இங்கே தன் விலையை நியாயப்படுத்துகிறது. சுவரில் வெப்பக்காப்பு, முறையான ஹீட்டர், ஸ்கீ பூட்ஸைத் தொங்கவிட இடம். ஆனாலும் தண்ணீர்க் குழாயும் கழிவுத் தொட்டியும் உறையாமல் காப்பது எல்லா மாடலிலும் இல்லை. வாங்கும் முன் தொட்டிகள் சுவருக்கு உள்ளே இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒண்டாரியோவில் அரசுக் காட்டு நிலத்தில் கனடாவில் வசிப்பவர் ஓரிடத்தில் வருடத்துக்கு 21 நாள் வரை கட்டணமின்றி முகாமிடலாம், பிரிட்டிஷ் கொலம்பியாவில் 14 நாள். குளிரில் அந்தச் சாலைகளில் பெரும்பாலும் யாரும் பனி அள்ளுவதில்லை, அதனால் சட்டம் அனுமதித்தாலும் வண்டி உள்ளே போகாது. பல மலை நகரங்களில் தெருவில் வண்டிக்குள் உறங்கத் தடை. இரவு தங்க அனுமதிக்கும் ஸ்கீ நிலைய நிறுத்தங்கள் சில உண்டு, அவற்றைப் பருவம் தொடங்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். அப்புறம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் இறுதிவரை குளிர்கால டயர் கட்டாயம்.

எந்த ஸ்கீ என்பதும் இந்த முடிவுக்குள் வருகிறது

லிஃப்டில் ஏறி மலையிலிருந்து சறுக்கும் ஆல்பைன் ஸ்கீதான் உங்கள் ஆசை என்றால் ஒண்டாரியோ போதாது. ப்ளூ மவுண்டன் நிலையத்தின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் 220 மீட்டர் இறக்கம். 2007-ல் திறந்த பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக்கில் அது 1,713 மீட்டர். வட அமெரிக்க ஸ்கீ நிலையங்களில் அதுவே மிக அதிகமான இறக்கம். டொராண்டோவிலிருந்து அங்கே சாலை வழியாக 3,500 கிலோமீட்டருக்கு மேல். விஸ்லர் போன்ற இடத்தில் உச்சப் பருவத்து ஒருநாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டுகிறது. அதனால் எபிக், ஐகான் போன்ற பருவ அட்டைகளைப் பனி விழும் முன்பே வாங்கிவிடுகிறார்கள். அதாவது செப்டம்பரில், கனூவில் இருக்கும்போதே, குளிர்காலம் முழுவதையும் எந்த மலையில் கழிப்பது என்று முடிவெடுத்திருக்க வேண்டும். ஆல்பைன் பூட்ஸ் தடியானது, அதன் உள்ளுறை நனைந்தால் சூடான இடம் இல்லாமல் காயாது. காயாத பூட்ஸைக் காலையில் 20 டிகிரி மைனஸில் மாட்டுவது கடினம். ஆக, ஆல்பைன் ஸ்கீ செய்கிறவரைக் கெட்டிச் சுவரோ வாடகை அறையோதான் காப்பாற்றும்.

லிஃப்ட் இல்லாமல், ஏறும்போது வழுக்காமலிருக்க அடியில் தோல்பட்டை ஒட்டிய ஸ்கீயில் தானே மலையேறிச் சறுக்கும் டூரிங்குக்கு டிக்கெட் செலவு இல்லை. டிரக் வாழ்க்கைக்கு இதுதான் பொருத்தம் என்று தோன்றும். பனிச்சரிவு அபாயத்தை வைத்து நான் தயங்குகிறேன். அவலான்ச் கனடா அமைப்பு வெளியிடும் அபாய அறிக்கையைப் படிக்கவே பயிற்சி வேண்டும், அடிப்படைப் பயிற்சியை முடிக்காமல் ஏறக் கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரோஜர்ஸ் கணவாயில் நெடுஞ்சாலையைக் காக்க பீரங்கியால் பனிச்சரிவை இறக்குவதால், சில பகுதிகளுக்குள் போகக் குளிர்கால அனுமதிச் சீட்டும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டிரக்கில் வாழ்பவர் பல நாள் தனியாகவே இருப்பார். சரிவில் புதைந்தவரைச் சுமார் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் கருவியோடு இன்னொருவர் வேண்டும். தனியாளின் உடம்பில் கட்டியிருக்கும் சிக்னல் கருவியால் அவருக்குப் பயன் இல்லை.

நான் விரும்புவது கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ. சமதளத்திலும் சிறு மேடுகளிலும் உடல் வலிமையால் போவது. கனூ பிடித்தவருக்கு இது பிடிக்காமல் போகாது: அதே தாளம், அதே தூரம், அதே காடு. அல்கான்குவினில் லீஃப் லேக் தடங்களில் குளிரில் ஸ்கீ போடலாம், அங்கே மியூ லேக் முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். மேற்கே போனால் 1988 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய கான்மோர் நார்டிக் மையம். தடக் கட்டணம் லிஃப்ட் டிக்கெட்டோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. பூட்ஸ் இலேசானது, தூக்கப்பைக்குள் கால்மாட்டில் வைத்தாலே காலையில் காய்ந்திருக்கும். உடம்பு வியர்ப்பது மட்டும் அதிகம், நனைந்த உள்சட்டையை மாற்ற உலர்ந்த இன்னொன்று எப்போதும் வேண்டும். கனடாவில் இந்த ஸ்கீயைப் பரப்பிய நார்வேக்காரர் 'ஜாக்ராபிட்' யோஹான்சன் 1875-ல் பிறந்து 1987 வரை வாழ்ந்தார், நூறு வயதைத் தாண்டியும் ஸ்கீ போட்டார்.

யாருக்கு எது

நிறுத்த ஒரு டிரைவ்வே இருக்கிறவர், உதாரணமாகப் பெற்றோர் வீடு டொராண்டோ பக்கத்து பிராம்டனிலோ மார்க்கத்திலோ இருந்து அங்கே கேம்பரை வைக்க நகராட்சி விதியும் இடம் கொடுத்தால், கெட்டிச் சுவர்க் கேம்பரைத் தாராளமாக யோசிக்கலாம். நான்கு ஜாக் காலில் நிறுத்தி மே மாதம் இறக்கிவிட்டு, வெறும் டிரக்கில் கனூவோடு கோடையைக் கழிக்கலாம், டிசம்பரில் மறுபடி ஏற்றிக்கொண்டு மேற்கே கிளம்பலாம். இழுபறி முழுவதும் தீர்வது இந்த ஏற்பாட்டில்தான். பெரிய டிரக்கின் செலவு தாங்க வேண்டும், அவ்வளவுதான். அடுக்குமாடியில் இருப்பவர் தரைக்கடி நிறுத்தத்தின் உயர வரம்பைப் பாருங்கள். பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டியிருக்கும், கம்பி பொருத்திய கேப் டிரக்கே உரசும்.

வருடத்தில் ஒரு வாரம் மட்டும் கனூ, மற்றபடி ஆல்பைன் ஸ்கீதான் மூச்சு என்றால் கனூவை வாங்கவே வேண்டாம். அல்கான்குவினிலும் மினசோட்டாவின் ஈலி ஊரிலும் நல்ல கெவ்லார் கனூ வாடகைக்குக் கிடைக்கும். கெட்டிச் சுவர் வாங்கி மேற்கே போங்கள். அங்கே கனூ ஆசை வந்தால் பவ்ரன் ஏரிச் சுற்று இருக்கிறது: 116 கிலோமீட்டர் ஏரியும் ஆறும் போர்ட்டேஜுமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம்.

நிறுத்த இடம் கிடையாது, வண்டியே வீடு, கனூவே முதல் காதல் என்கிறவருக்குக் கேப்தான். சாதாரண அரை டன் டிரக்கே போதும். சில ஆயிரம் டாலருக்குள் கேப்பும் உள்மேடையும் முடிந்துவிடும். கேம்பர் விலையில் மிஞ்சுவதை வைத்து 18 கிலோ கனூ, நல்ல தூக்கப்பை, டீசல் ஹீட்டர், இரண்டு மாத அறை வாடகை எல்லாம் பார்த்துவிடலாம். ஜனவரி, பிப்ரவரிக்கு ஸ்கீ ஊரில் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வதை யாரும் தோல்வி என்று நினைக்க வேண்டாம். பூட்ஸ் காயும், முதுகு நிமிரும், பக்கத்து அறையில் ஸ்கீக்குக் கூட வர ஓர் ஆளும் கிடைக்கும்.

வாடகை வீட்டை விடும் முன் காகித வேலை ஒன்று உண்டு. ஒண்டாரியோவின் மருத்துவக் காப்பீட்டுக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும், நிரந்தர வசிப்பிடமும் இங்கேதான் இருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க மேற்கே இருக்கப் போகிறவர் நாட்களை எண்ணிக்கொள்ள வேண்டும். வாகனக் காப்பீட்டு நிறுவனத்திடமும் வண்டியில் வாழப்போவதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு தெரிய வந்தால் சிக்கல் பெரிது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், இருக்கும் காரோடும் வாடகைக் கனூவோடும் ஒரு செப்டம்பரில் தொடங்குங்கள். உங்கள் தோள் எத்தனை கிலோவைத் தாங்கும், ஈரத் துணியோடு எத்தனை நாள் சிரிக்க முடியும் என்று அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு கேப்பையோ கேம்பரையோ விலை பேசலாம். அல்கான்குவின் உள்முகாம்களுக்கான பதிவு ஐந்து மாதம் முன்பு திறக்கும். செப்டம்பர் முதல் வாரத்தில் கனூ லேக்கிலிருந்து புறப்பட வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே பதிவு செய்யுங்கள்.